கியோட்டோவின் ஹெயான் ஜிங்கூவும் அதன் தோட்டமும்: முதல்முறை போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஜப்பானின் கியோட்டோ நகருக்குப் போய்வந்தவர்களிடம் ஹெயான் ஜிங்கூ கோயிலின் தோட்டம் எப்படி இருந்தது என்று கேட்டால், "அங்கே தோட்டம் இருக்கிறதா?" என்று திருப்பிக் கேட்பவர்கள் நிறைய. காரணம் இருக்கிறது. செந்நிறத் தூண்களும் பச்சை ஓடுகளுமாக நிற்கும் சன்னதியும், அதன் முன்னால் வெண்மணல் பரப்பிய பெரிய முற்றமும் எல்லோருக்கும் இலவசம். அங்கேயே படம் எடுத்துக்கொண்டு அடுத்த இடத்துக்குக் கிளம்பிவிடுகிறார்கள். சன்னதியைச் சுற்றி ஏறக்குறைய 33,000 சதுர மீட்டரில், அதாவது எட்டு ஏக்கருக்குச் சற்று மேலாக, விரிந்து கிடக்கிறது தோட்டம். முற்றத்தில் நின்று பார்த்தால் அதில் ஒரு மரம்கூடச் சரியாகத் தெரியாது.

இந்தப் பயணத்துக்குத் தகவல் திரட்ட நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. விசா விவரம் ஓரிடம், பூக்காலம் வேறிடம், பஸ் பற்றிக் கிடைத்ததெல்லாம் நிறுத்தப்பட்டுவிட்ட பாஸ் பற்றிய பழைய செய்தி. ஒரு சுற்றுலா ஏஜென்ட் போட்டுக் கொடுத்த திட்டத்தில் இந்தக் கோயிலுக்கு அரை மணி நேரம்தான் இருந்தது. தோட்டம் என்ற பேச்சே இல்லை. அடுத்துப் போகிறவர்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்பதால் எல்லாவற்றையும் வரிசையாக எழுதுகிறேன். 100 யென் ஏறக்குறைய 60 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் கணக்குப் போடச் சுலபம்.

1. முதலில் பூவை முடிவு செய்யுங்கள், பிறகு தேதியை

விமான டிக்கெட் மலிவாகக் கிடைக்கிறதே என்று தேதியைப் போட்டுவிட்டு, அதற்கப்புறம் தோட்டத்தில் என்ன பூத்திருக்கும் என்று தேடாதீர்கள். இந்தத் தோட்டம் மாதத்துக்கு மாதம் முகம் மாறும்.

ஏப்ரல் முதல் வாரத்திலிருந்து நடு ஏப்ரல் வரை, கொடிபோல் தொங்கும் இளஞ்சிவப்பு செர்ரி. ஜப்பானில் பரவலாக உள்ள சோமெய் யோஷினோ வகை, கியோட்டோவில் பெரும்பாலும் மார்ச் கடைசியிலும் ஏப்ரல் தொடக்கத்திலும் விரியும். இந்தத் தொங்கு செர்ரி அதற்குச் சில நாள் பின்தங்கிப் பூக்கும். ஆகவே மற்ற இடங்களில் செர்ரி உதிரத் தொடங்கிய செய்தி வந்தால் பதற வேண்டாம், ஹெயான் ஜிங்கூவில் அப்போதுதான் களைகட்டும்.

ஜூன் தொடக்கத்திலிருந்து நடு ஜூன் வரை ஐரிஸ் பூக்கள். மேற்குத் தோட்டத்துக் குளத்தில் ஜப்பானின் பழைய வகைகள் மட்டும் சுமார் 200, ஏறத்தாழ 2,000 செடிகள். என்னைக் கேட்டால் இதுதான் சிறந்த சமயம். செர்ரிக் காலக் கூட்டம் இருக்காது, ஹோட்டல் வாடகையும் இறங்கியிருக்கும். மழைக்காலம் தொடங்கும் நேரம் என்பதால் குடை மட்டும் அவசியம். கோடை முழுக்க அல்லிக் குளங்கள் நன்றாக இருக்கும். ஆனால் ஆகஸ்ட் மாதப் புழுக்கம் நம் சித்திரை வெயிலுக்குப் பழகியவர்களையும் வாட்டிவிடும். நவம்பர் பிற்பாதியில் இலைகள் சிவக்கும்.

தவிர்க்க வேண்டியவை: ஏப்ரல் 29 முதல் மே 5 வரையிலான தொடர் விடுமுறை வாரம், புத்தாண்டின் முதல் மூன்று நாட்கள். அக்டோபர் 22 அன்று ஜிதாய் மட்சுரி என்னும் திருவிழாவின் ஊர்வலம். நண்பகலில் பழைய அரண்மனையிலிருந்து புறப்பட்டு இந்தக் கோயிலுக்கு வந்து சேரும். ஊர்வலம் பார்க்க வேண்டுமானால் தாராளமாகப் போங்கள், அமைதியாகத் தோட்டம் பார்க்க அது நாளல்ல. தோட்டத்தை இலவசமாகத் திறந்துவிடும் நாட்களும் ஆண்டில் ஓரிரண்டு உண்டு. நுழைவுக் கட்டணம் 600 யென் மிச்சமாகும், பாதையில் நகரத்தான் இடமிருக்காது.

2. விசா: மூன்று மாதக் கணக்கை மறக்காதீர்கள்

சிங்கப்பூர் பாஸ்போர்ட்டும், சிப் பொருத்திய மலேசியப் பாஸ்போர்ட்டும் வைத்திருப்பவர்களுக்குக் குறுகிய சுற்றுலாவுக்கு விசா தேவையில்லை. இந்தியர்களுக்கும் இலங்கையருக்கும் தேவை. நான் நன்கு அறிந்தது இந்திய நடைமுறை என்பதால் அதைச் சொல்கிறேன்.

2024 ஏப்ரல் 1 முதல் இந்தியாவில் வசிக்கும் இந்தியர்களுக்குச் சுற்றுலா விசா மின்விசாவாகவே வருகிறது. ஆனாலும் விண்ணப்பத்தை, விசா விண்ணப்பங்களை வாங்கும் வீஎஃப்எஸ் நிறுவனத்தின் மையத்தில்தான் கொடுக்க வேண்டும். சென்னையில் மையம் இருக்கிறது, ஜப்பானின் துணைத் தூதரகமும் சென்னையிலேயே இருக்கிறது.

தயார் செய்ய வேண்டியவை: பாஸ்போர்ட், விண்ணப்பப் படிவம், வெள்ளைப் பின்னணியில் சமீபத்திய ஃபோட்டோ, நாள்வாரிப் பயணத் திட்டம், போக வர விமான முன்பதிவு, எல்லா இரவுகளுக்கும் ஹோட்டல் முன்பதிவு, ஆறு மாத பேங்க் ஸ்டேட்மென்ட், வருமான வரிக் கணக்கு, வேலையில் இருப்பவர்களுக்கு அலுவலகத்திலிருந்து விடுப்புக் கடிதம். ஸ்டேட்மென்டை வங்கிக்கே போய் முத்திரை குத்தி வாங்கிக்கொள்ளுங்கள். விண்ணப்பிக்கும் வாரத்தில் திடீரென்று பெருந்தொகையைக் கணக்கில் போட்டுக் காட்டுவது நல்லதல்ல. சந்தேகத்தைத்தான் கிளப்பும்.

பலர் சறுக்கும் இடங்கள் நான்கு.

முதலாவது, நம் பெயர். தந்தை பெயரை இனிஷியலாகப் போடும் நமக்கு, பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருப்பது சகஜம். விமான டிக்கெட்டில் ஒரு மாதிரி, விண்ணப்பத்தில் ஒரு மாதிரி, ஹோட்டலில் இனிஷியலோடு என்று போனால் சிக்கல். பாஸ்போர்ட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, எழுத்துக்கு எழுத்து அதையே எல்லா இடத்திலும் போடுங்கள்.

இரண்டாவது, தேதிப் பொருத்தம். பயணத் திட்டத்தில் 9ஆம் தேதி இரவு கியோட்டோ என்றிருந்தால், 9ஆம் தேதிக்குக் கியோட்டோ ஹோட்டல் ரசீது இருந்தாக வேண்டும். பணம் பிடிக்காமல் ரத்து செய்யும் வசதியுள்ள அறைகளையே பதிவு செய்யுங்கள். "விசாவுக்காக ஒரு போலி புக்கிங் போட்டுத் தருகிறேன்" என்று யாராவது சொன்னால் வேண்டவே வேண்டாம்.

மூன்றாவது, காலம். விசா வழங்கப்பட்ட நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் ஜப்பானில் இறங்கிவிட வேண்டும். ஜூன் ஐரிஸுக்காக பிப்ரவரியிலேயே வாங்கி வைத்தால் வீண். அதேபோலப் புறப்பட ஒரு வாரம் இருக்கும்போது ஓடுவதும் ஆபத்து. செர்ரிக் காலத்தில் விண்ணப்பங்கள் குவிந்து நாள் இழுக்கும். பயணத்துக்கு ஒன்றரை, இரண்டு மாதம் முன்பு கொடுத்துவிடுவது நிம்மதி. விசாக் கட்டணத்தோடு மையத்தின் சேவைக் கட்டணமும் தனியாக உண்டு. கொடுக்கும் வாரத்தில் தொகையைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

நான்காவதைக் கவனித்துப் படியுங்கள். மின்விசாவை இணைய இணைப்போடு ஃபோன் திரையில் திறந்து காட்ட வேண்டும். பிரின்ட், பிடிஎஃப், ஸ்க்ரீன்ஷாட் எதுவும் செல்லாது. விமான நிலையத்தில் ஃபோனில் சார்ஜும் இணையமும் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். வயதான பெற்றோரை அழைத்துப் போகிறீர்கள் என்றால் அவர்களுடைய விசாவைத் திறக்கும் விவரங்களும் உங்கள் கையில் இருக்கட்டும்.

புறப்படும் முன் "விசிட் ஜப்பான் வெப்" தளத்தில் குடியேற்ற, சுங்க விவரங்களை நிரப்பி க்யூஆர் கோடு எடுத்துக்கொண்டால் இறங்கிய இடத்தில் படிவம் எழுதும் வேலை மிச்சம். ஜப்பானில் இருக்கும்வரை பாஸ்போர்ட்டை உடன் வைத்திருப்பது சட்டப்படி கட்டாயம். அறையில் பூட்டி வைத்துவிட்டு வெளியே போகாதீர்கள்.

3. பணம்

வங்கி அட்டையில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை ஊரிலேயே இயக்கிவிட்டுப் போங்கள். புதிய அட்டைகளில் அது அணைக்கப்பட்டே வரும். ஜப்பானில் செவன் இலெவன் கடை ஏடிஎம்களில் வெளிநாட்டு அட்டைக்குப் பணம் வரும். கோயிலுக்குப் போகும் நாளில் கையில் ரொக்கம் வேண்டும், அதிலும் 1,000 யென் தாள்களும் சில்லறையும். ரயில், பஸ் இரண்டுக்கும் இகோகா அட்டை வாங்கிக்கொள்ளுங்கள். 2,000 யென் கொடுத்தால் 500 முன்பணம், 1,500 பயணத்துக்கு. கியோட்டோ நிலைய இயந்திரத்தில் அட்டை வாங்கவும் பணம் ஏற்றவும் ரொக்கம்தான்.

4. கியோட்டோ வந்து சேர்வது, தங்குவது

கன்சாய் விமான நிலையத்தில் இறங்கினால் ஹருகா விரைவு ரயில் ஒன்றேகால் மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக எடுத்துக்கொண்டு நேரே கியோட்டோவில் விட்டுவிடும். தோக்கியோவிலிருந்து நொசோமி புல்லட் ரயிலில் சுமார் இரண்டேகால் மணி நேரம், கட்டணம் 14,000 யென்னை ஒட்டி. தோக்கியோ, கியோட்டோ போய் வருவதற்காக மட்டும், நாடு முழுக்க ரயிலில் சுற்ற உதவும் ஏழு நாள் ஜேஆர் பாஸை வாங்காதீர்கள். 2023 அக்டோபரில் அது 50,000 யென்னாக ஏறிவிட்டது. தனித்தனி டிக்கெட் எடுத்தால் 28,000 போலத்தான் ஆகும். பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றும் கூட்டி 160 சென்டிமீட்டரைத் தாண்டினால் அதற்கென்று உள்ள இருக்கையை முன்பதிவு செய்ய வேண்டும்.

அறை வாடகையை இணையத்தில் முழுசாகக் கட்டியிருந்தாலும், கியோட்டோ நகரின் தங்கும் வரியை ஹோட்டல் கவுன்டரில் தனியாகக் கேட்பார்கள். ஏமாற்று அல்ல, கொடுத்துவிடுங்கள். 2026 மார்ச் முதல் இது கூடியிருக்கிறது. தலைக்கு, ஓர் இரவுக்கு வரி இது: ஒருவருக்கான வாடகை 6,000 யென்னுக்குக் கீழ் என்றால் 200 யென், 20,000க்குக் கீழ் என்றால் 400, 50,000க்குக் கீழ் 1,000.

5. கோயிலுக்குப் போகும் வழி

சுரங்க ரயிலில் போங்கள். கியோட்டோ நிலையத்தில் கராசுமா வழித்தடத்தில் ஏறி, கராசுமா ஓயிகே நிலையத்தில் தோஸாய் வழித்தடத்துக்கு மாறி, ஹிகாஷியாமாவில் இறங்க வேண்டும். 260 யென். அங்கிருந்து பத்து நிமிட நடை.

5ஆம் எண் பஸ் கோயிலருகே விடும் என்று எல்லோரும் சொல்வார்கள். உண்மைதான், 230 யென். ஆனால் சீசனில் அந்த பஸ்ஸில் ஏறுவதே போராட்டம், சாலை நெரிசலும் சேர்ந்துகொள்ளும். ஏறினால் பின்கதவு, இறங்கும்போது முன்கதவில் பணம். 5,000, 10,000 யென் தாள் அங்கே மாறாது. ஒருநாள் பஸ் பாஸ் பற்றிப் பழைய குறிப்புகளில் படித்திருப்பீர்கள். 2023 செப்டம்பரோடு விற்பனை நின்றுபோயிற்று. இப்போது இருப்பது சுரங்க ரயிலும் பஸ்ஸும் சேர்ந்த 1,100 யென் பாஸ். அன்று ஐந்து முறையாவது ஏறி இறங்கினால்தான் அது கட்டுப்படியாகும்.

பெரிய பெட்டிகளோடு போகாதீர்கள். முற்றம் முழுக்க மணலும் கூழாங்கல்லும், சக்கரம் உருளாது. கியோட்டோ நிலைய லாக்கர்கள் சீசனில் காலையிலேயே நிரம்பிவிடும். ஹோட்டலிலேயே விட்டுவிட்டு வருவது உத்தமம். சக்கர நாற்காலி, குழந்தைகளின் தள்ளுவண்டி கொண்டுவருபவர்களும் இதைக் கணக்கில் கொள்ளுங்கள்.

6. தோரி வாயிலிலிருந்து சன்னதி வரை

ஹிகாஷியாமாவிலிருந்து நடந்து வந்தால் சாலைக்குக் குறுக்கே 24 மீட்டர் உயரச் செந்நிறத் தோரி, அதாவது ஜப்பானியக் கோயில்களின் முகப்பு வாயில், நிற்கும். அதன் அடியில் கார்களும் பஸ்களும் போய்வரும். படம் எடுக்கிறேன் என்று நடுச்சாலையில் நிற்க வேண்டாம். அதற்கும் அப்பால் சில நூறு மீட்டரில் ஓதென்மொன் என்னும் இரண்டடுக்கு வாயில். கோயில் காலை 6 மணிக்கே திறந்துவிடும்.

வாயிலில் லேசாகத் தலை தாழ்த்தி உள்ளே போகலாம். செருப்பைக் கழற்ற வேண்டியதில்லை, தொப்பியை எடுத்துவிடுங்கள். தண்ணீர்த் தொட்டியில் அகப்பையை வலக்கையில் எடுத்து இடக்கையைக் கழுவுங்கள், கை மாற்றி வலக்கையைக் கழுவுங்கள். பிறகு இடது உள்ளங்கையில் நீர் விட்டு வாய் கொப்பளித்துத் தொட்டிக்கு வெளியே உமிழ வேண்டும். அகப்பையில் வாயை வைக்கக் கூடாது. மறுபடி இடக்கையைக் கழுவி, அகப்பையை நிமிர்த்திப் பிடித்து மிச்ச நீர் காம்பில் வழியவிட்டு, கவிழ்த்து வையுங்கள். நாம் தொட்ட இடத்தையும் அடுத்தவருக்காகக் கழுவி வைக்கும் அந்தக் கடைசி அசைவு எனக்கு மிகவும் பிடித்தது. அகப்பை இல்லாமல் குழாயில் நீர் ஓடினால் கையை மட்டும் கழுவினால் போதும்.

சன்னதியில் காணிக்கைப் பெட்டியில் நாணயம் போட்டு, இருமுறை குனிந்து வணங்கி, இருமுறை கைதட்டி, வேண்டிக்கொண்டு, ஒருமுறை குனிய வேண்டும். 5 யென் நாணயம் போடுவது வழக்கம், எவ்வளவு போட்டாலும் சரி. நேர் முன்னால் நின்று உள்ளே கேமராவை நீட்டாதீர்கள். இங்கே திருமணங்கள் நடக்கும். மணமக்களைக் கேட்காமல் படம் எடுப்பதும் வேண்டாம்.

7. தோட்டத்துக்கு டிக்கெட்

சன்னதியைப் பார்த்தபடி நின்றால் இடப்பக்கத்தில் தோட்டத்தின் நுழைவாயில். பெரியவர்களுக்கு 600 யென், சிறுவர்களுக்கு 300. முன்பதிவு தேவையில்லை. காலை 8:30க்குத் திறக்கும். மார்ச் நடுவிலிருந்து செப்டம்பர் வரை மாலை 5:30க்கு மூடுவார்கள், அக்டோபரிலும் மார்ச் முற்பாதியிலும் 5 மணி, நவம்பர் முதல் பிப்ரவரி வரை 4:30. மூட அரை மணி நேரம் இருக்கும்போதே டிக்கெட் நின்றுவிடும். குளிர்காலத்தில் நான்கு மணிக்குப் போய் ஏமாந்து திரும்புகிறவர்கள் உண்டு.

8:15க்கு வந்து நில்லுங்கள். ஒன்பதரைக்கு மேல் குழுக்கள் வரத் தொடங்கும். கழிப்பறைக்குப் போவதை உள்ளே நுழையும் முன்பே முடித்துக்கொள்ளுங்கள். பாதை ஒருவழி, விட்டதைப் பார்க்கத் திரும்பி வருவது சிரமம். குறைந்தது ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

8. உள்ளே எங்கே நிற்க வேண்டும்

ஒகாவா ஜிஹேய் என்ற புகழ்பெற்ற தோட்டக்காரர் அமைத்த இடம் இது. தெற்கு, மேற்கு, நடு, கிழக்கு என்று நான்கு பகுதிகள், நடை வரிசையும் அதுவே.

தெற்குப் பகுதியில் நுழைந்த உடனே தொங்கு செர்ரி. மூங்கில் பந்தல் போட்டுக் கிளைகளைத் தாங்கியிருப்பார்கள், பூக்கள் தலைக்கு மேல் இறங்கி நிற்கும். எல்லோரும் முதல் பந்தலிலேயே தேங்கிவிடுவதால் நெரிசல். பத்தடி தள்ளிப் போனால் அதே அழகு, ஆள் குறைவு. மரங்களுக்கு இடையே ஒரு பழைய டிராம் பெட்டி நிற்கும். கியோட்டோவில் 1895இல் ஓடத் தொடங்கிய ஜப்பானின் முதல் மின்டிராம் நிறுவனத்தைச் சேர்ந்தது.

மேற்குப் பகுதியில் ஐரிஸ் குளம். பூக்காலத்தில் பூக்களுக்கு நடுவே மடங்கி மடங்கிப் போகும் பலகைப் பாலம் போடுவார்கள். அகலம் குறைவு, ஒருவர் நின்று செல்ஃபி எடுத்தால் பின்னால் எல்லோரும் நிற்க வேண்டியதுதான். படத்தைக் கரையிலிருந்து எடுங்கள், அங்கிருந்துதான் நன்றாகவும் வரும்.

பிறகு மர நிழலில் ஓர் ஒற்றையடிப் பாதை, அதன் முடிவில் நடுத் தோட்டம். என் கணக்கில் இந்த மொத்தப் பயணத்துக்கும் பலன் இங்கேதான். குளத்தின் குறுக்கே வட்ட வட்டமான கற்கள் வளைந்த வரிசையில் நீருக்கு மேல் தலைகாட்டும். அவை 16ஆம் நூற்றாண்டில் ஜப்பானை ஆண்ட ஹிதெயோஷி கட்டிய சான்ஜோ, கோஜோ பாலங்களின் கல்தூண்கள். ஒரு காலத்தில் நகரின் இரண்டு பெரிய பாலங்களைச் சுமந்தவற்றின் மேல் இன்று நாம் கால் வைத்துக் குளத்தைக் கடக்கிறோம். கற்களுக்கு இடையே தண்ணீர் தெளிவாகத் தெரியும், கெண்டைகள் காலடியிலேயே திரும்பும். பீவா ஏரியிலிருந்து கால்வாய் வழியாக வரும் நீர் இது. அந்த ஏரியில் அரிதாகிப்போன சிறுமீன் வகைகூட இந்தக் குளங்களில் பிழைத்திருக்கிறது.

இந்தக் கற்களில் நடக்க அவசரம் கூடாது. மழை பெய்திருந்தால் வழுக்கும். புடவை, வேட்டி கட்டியவர்கள் கரைப் பாதையில் போகலாம், கல்லில் ஏறியே ஆக வேண்டும் என்பதில்லை. குழந்தைகளின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், கைப்பிடிச் சுவர் எதுவும் இல்லை.

கடைசியாகக் கிழக்குப் பகுதி. பெரிய குளம், அதன் மேல் கியோட்டோ அரண்மனையிலிருந்து கொண்டுவந்து நிறுத்திய கூரைப் பாலம். பாலத்தின் இருபுறமும் உட்கார இடம் உண்டு. கிழக்கு மலைகள் தோட்டத்தின் ஒரு பகுதிபோலவே பின்னால் தெரியும். அவசரமாகக் கடந்துவிடாதீர்கள், மிச்சமுள்ள நேரத்தை இங்கே செலவழியுங்கள். கோடையில் கொசு உண்டு, முழுக்கைச் சட்டை நல்லது. முக்காலி வைத்துப் படம் எடுக்கத் திட்டமிடாதீர்கள்.

9. கோஷுயின்

கோயில் முத்திரையும் மை எழுத்தும் கொண்ட கோஷுயின் வேண்டுமானால், முற்றத்தில் அதற்கான கவுன்டர் இருக்கிறது. பொதுவாக 300 முதல் 500 யென். சாதாரண நோட்டில் கேட்காதீர்கள், அதற்கென்று மடிப்புப் புத்தகம் இருக்கிறது, அங்கேயே வாங்கலாம். எழுதி முடிக்கும்வரை பேசாமல் காத்திருங்கள். சில்லறையாகக் கொடுத்தால் அவர்களுக்கு உதவி.

10. சாப்பாடு

சைவம் சாப்பிடுகிறவர்கள் கவனம். காய்கறி உடோன் (ஒருவகை நூடுல்ஸ்) என்று எழுதியிருந்தாலும் குழம்பில் பெரும்பாலும் மீன் சாறு இருக்கும். எதுவும் நிச்சயமில்லாதபோது, கடையில் கொம்பு என்னும் கடற்பாசி அல்லது உமெபோஷி என்னும் ஊறுகாய்ப் பழம் வைத்த சோற்று உருண்டையை வாங்கலாம். அதிலும் பொருள் பட்டியலை ஃபோனில் மொழிபெயர்த்துப் பார்த்துவிடுங்கள், மீன் சாறு சேர்ப்பதுண்டு. ஊரிலிருந்து பொடி, பொட்டலச் சாதம் கொண்டுபோகலாம். இறைச்சிப் பொருட்கள், கறிவேப்பிலை, பழங்கள் வேண்டாம், விமான நிலையத்திலேயே எடுத்துக்கொள்வார்கள். குப்பைத் தொட்டி எங்கும் இருக்காது, ஒரு பை வைத்துக்கொள்ளுங்கள்.

11. அன்றைய செலவும் மீதிப் பொழுதும்

ஒருவருக்குச் சுரங்க ரயில் போக வர 520, தோட்டம் 600, கோஷுயின் 500, எளிய மதிய உணவு 1,500 என்று வைத்தால் 3,100 யென்னைச் சுற்றி, நம் பணத்தில் 1,900 ரூபாய்க்குள்.

தோட்டம் பிடித்திருந்தால் அன்றே முரின்அன் போங்கள், நடக்கும் தூரம்தான். அதே ஒகாவா ஜிஹேய் அமைத்த சிறிய தோட்டம். முன்பதிவு செய்துவிட்டுப் போவது நல்லது, கட்டணம் சீசனைப் பொறுத்து மாறும். தோரி வாயிலுக்குப் பக்கத்தில் உள்ள கலை அருங்காட்சியகங்களையும் சேர்த்துப் பார்க்க நினைப்பவர்கள் திங்கட்கிழமையைத் தவிர்த்துவிடுங்கள், அன்று பொதுவாக விடுமுறை.